ரத்தப் புற்றுநோய்: பிழைப்பதைத் தீர்மானிக்கும் பணமும் தூரமும்

புது தில்லி: தலைநகர் தில்லியில் 14 வயது வரையிலான சிறுவர்களில் பத்து லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் 203 பேர் வீதம் புற்றுநோய்க்கு ஆளானதாகப் பதிவாகியுள்ளது. அதே நகரில், அதே வயதுச் சிறுமிகளில் இந்த எண்ணிக்கை 125 மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை தரும் கணக்கு இது; 2012 முதல் 2016 வரையிலான காலத்துக்குரியது. குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வகிப்பது ரத்தப் புற்றுநோய். எனவே இக்கணக்கில் பெரும் பங்கும் அதற்கே உரியது.

சிறுமிகளைவிடச் சிறுவர்களுக்கு இந்நோய் சற்று அதிகமாக வருவது இயற்கை. ஆனால் ஏறத்தாழ எல்லா நோயாளிகளும் கண்டறியப்பட்டுவிடும் மேலை நாடுகளில், 10 சிறுமிகளுக்கு 12 சிறுவர்கள் என்ற அளவில்தான் வித்தியாசம் காணப்படுகிறது. தில்லியில் அது 16 ஆக உள்ளது. மக்கள்தொகையிலேயே சிறுமிகள் குறைவாக இருப்பதைச் சரிசெய்த பிறகு கிடைக்கும் விகிதம் இது. இடைப்பட்ட சிறுமிகளுக்கு நோய் வரவில்லை என்பதல்ல இதன் பொருள்; அவர்கள் மருத்துவமனைப் படியேறவில்லை என்பதுதான்.

எய்ம்ஸ் மருத்துவர்களின் பங்கேற்புடன் நடத்தப்பட்டு, 2022-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் வெளியான ஆய்வு இந்த ஐயத்தை உறுதிப்படுத்தியது. தில்லி, சென்னை ஆகிய இரு நகரங்களின் பதிவேடுகளையும் பெரிய மருத்துவமனைகளின் ஆவணங்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். தில்லிப் பதிவேட்டில் ஒரு சிறுமிக்கு இரு சிறுவர்கள் என்ற நிலை. சென்னையில் அது ஒன்றரைக்கும் குறைவு. செலவு மிகுந்த எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வருவோரில் சிறுமிகளின் பங்கு மேலும் சுருங்குகிறது. நோயின் தன்மை இரு நகரங்களிலும் ஒன்றே. வேறுபடுவது, மகளுக்காகக் குடும்பம் எவ்வளவு தூரம் செல்லும், எவ்வளவு கடன் வாங்கும் என்பதே.

பதிவேட்டில் ஏறாதவர்கள்

நாட்டில் ரத்தப் புற்றுநோய் எங்கே அதிகம் என்று கேட்டால், தில்லி, சென்னை போன்ற பெருநகரங்களில் அதிகம். கிராமங்களில் குறைவு என்றுதான் பதிவேடுகள் பதில் கூறும். மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் 1987-ல் தொடங்கப்பட்ட, நாட்டின் முதலாவது கிராமப்புறப் பதிவேடும் தொடக்கம் முதலே குறைந்த எண்ணிக்கையையே காட்டி வந்துள்ளது. இதற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. இரண்டுமே ஓரளவு உண்மை என்பதுதான் சிக்கல்.

முதலாவது விளக்கம், வசதியே நோய்க்கு ஒரு காரணமாகிறது என்பது. குழந்தைகளைத் தாக்கும் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய், வளர்ந்த நாடுகளில் 2 முதல் 5 வயதுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிரிட்டனில் இந்த உச்சம் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், வாழ்க்கைத் தரம் உயர்ந்தபோதுதான் தென்படத் தொடங்கியது. சுத்தமான சூழலில் வளரும் குழந்தை முதல் ஆண்டில் சாதாரணத் தொற்றுகளைச் சந்திக்காமல் போவதால், பின்னர் ஒரு தொற்று வரும்போது அதன் நோயெதிர்ப்பு மண்டலம் தாறுமாறாகச் செயல்பட்டு, ஏற்கெனவே மாறுதலுக்கு உள்ளான செல்களைப் புற்றுநோய்க்கு இட்டுச் செல்லலாம் என்கிறார் பிரிட்டிஷ் விஞ்ஞானி மெல் கிரீவ்ஸ். பல ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் அவர் மீண்டும் இக்கருத்தை வலியுறுத்தினார். இதன்படி பார்த்தால், இந்திய நகரங்களின் நடுத்தர வர்க்கம் பெருகப் பெருக இந்நோயும் பெருக வேண்டும்.

இரண்டாவது விளக்கம் எளிமையானது, கசப்பானதும்கூட. கிராமத்துக் குழந்தைக்கும் நோய் வருகிறது. ஆனால் அதற்கு யாரும் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை. விடாத காய்ச்சல், வெளுத்த முகம், ஈறுகளில் ரத்தக் கசிவு, கால் எலும்புகளில் வலி, கழுத்தில் நெறிகட்டு ஆகியவையே ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறிகள். பிகாரிலோ கிழக்கு உத்தரப் பிரதேசத்திலோ இவை மலேரியாவாகவும் டைபாய்டாகவும் காசநோயாகவும் ரத்தசோகையாகவும் கொள்ளப்படுகின்றன. அங்கு அந்நோய்கள் பரவலாக உள்ளதால் மருத்துவரையும் முழுமையாகக் குறை சொல்ல இயலாது. ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் ஐயம் எழுந்துவிடும். அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும்; அவ்வளவுதான்.

உலக அளவில் புற்றுநோய்க்கு ஆளாகும் குழந்தைகளில் 43 சதவீதம் பேர் கண்டறியப்படாமலேயே போகின்றனர் என்று 2019-ல் வெளியான ஒரு மதிப்பீடு தெரிவித்தது. மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது 3 சதவீதம் மட்டுமே. இந்தியாவை உள்ளடக்கிய தெற்காசியாவிலோ ஏறத்தாழப் பாதி. ஆக, பதிவேட்டில் எண்ணிக்கை குறைவாக உள்ள மாவட்டம் நலமான மாவட்டம் என்று கொள்வதற்கில்லை. மருத்துவ வசதி வந்ததும் அங்கு நோய் 'அதிகரித்தது' போலத் தோன்றினால், அது நல்ல செய்தியாகவும் இருக்கக்கூடும்.

பீமவரத்திலிருந்து பாஸ்டனுக்கு

இந்நோய் குணமாகக்கூடியது என்பதே பலருக்கு இன்றும் தெரியாது. 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தையை வீட்டுக்குத் தூக்கிச் செல்லும் பெற்றோர் உள்ளனர். ஆனால் குழந்தைகளின் தீவிர லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில், வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். புற்றுநோய் மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது.

அந்த வெற்றியின் தொடக்கத்தில் ஓர் இந்தியர் இருந்தார். ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-ல் பிறந்து, வறுமைக்கிடையே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர். அங்கு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவரது குழுவினர் உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குச் செலுத்தினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக 1948-ல் அவர் அறிவித்தார். அந்த ஆண்டிலேயே சுப்பாராவ் காலமானார். அம்மருந்தின் உறவான மெதோட்ரெக்ஸேட் இன்றும் சிகிச்சையின் தூண்களில் ஒன்று. 1995-ல் மத்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் பிறந்த நாட்டின் குழந்தைகளுக்கு அம்மருந்தின் முழுப் பயன் கிட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்னும் பலருக்குக் கிட்டவில்லை.

இந்தியாவில் திருப்பம் 1984-ல் தொடங்கியது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் வகுக்கப்பட்ட 'எம்சிபி-841' என்ற சிகிச்சை முறையை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் கையாண்டன. இந்திய மருத்துவமனைகளால் தாங்கக்கூடிய, விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே அது அமைக்கப்பட்டது. இருபது சதவீதத்தை ஒட்டியிருந்த பிழைப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியளவுக்கு உயர்ந்தது. இன்று பெரிய மையங்களில் பத்தில் ஆறேழு குழந்தைகள் குணமடைகின்றனர். பல மையங்கள் கூட்டாக, ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றும் முயற்சியும் நடைபெற்று வருகிறது.

மேலை நாட்டின் ஒன்பதுக்கும் இந்த ஆறேழுக்கும் இடையிலான வித்தியாசத்தில் மருந்தின் பங்கு குறைவு. ஏறத்தாழ அதே மருந்துகள்தான் இங்கும் தரப்படுகின்றன. எஞ்சியவை: தாமதமாக வருதல், சிகிச்சையின்போது தொற்றினால் இறத்தல், பாதியில் நிறுத்திவிடுதல். மூன்றும் வறுமையோடு பிணைந்தவை.

மருந்துச் செலவு மட்டுமல்ல

இந்த சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கிறது. முதல் சில மாதங்கள் கடுமையான ஊசி மருந்துகள். பிறகு இரண்டு ஆண்டுகள் வரை பெரும்பாலும் மாத்திரைகள். தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெதோட்ரெக்ஸேட். இவற்றின் விலை அதிகமில்லை. அரசு மருத்துவமனைகளில் பல மருந்துகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆயினும் குடும்பங்கள் நொடித்துப் போகின்றன. ஏன்?

பிகாரின் ஒரு மாவட்டத்திலிருந்து தில்லிக்கு வரும் குடும்பம் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் வருகிறது. முதலில் ஊர் மருத்துவர், அடுத்து மாவட்டத் தலைநகரின் தனியார் மருத்துவமனை, பின்பு பாட்னா. ஒவ்வோர் இடத்திலும் சில வாரங்களும் சில ஆயிரங்களும் கரைகின்றன. தில்லி வந்து சேரும்போது கையிருப்பு தீர்ந்து, நிலமோ மாடோ நகையோ ஏற்கெனவே கைமாறியிருக்கும். உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்குகிறது.

தந்தை தினக்கூலியாக இருந்தால், வந்த நாள் முதல் வருமானம் நின்றுவிடும். தாய் குழந்தையுடன் இருக்க, ஊரில் மற்ற பிள்ளைகள் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ விடப்படுகின்றனர். பலரது பள்ளிப் படிப்பு நின்றுபோகிறது. சிகிச்சையின் பல கட்டங்களில் குழந்தையை மருத்துவமனையில் சேர்ப்பதில்லை. வந்து மருந்து செலுத்திக்கொண்டு போக வேண்டும். போவது எங்கே? வாடகை அறை எடுக்க முடியாதவர்கள் எய்ம்ஸ் சுற்றுச்சுவரை ஒட்டிய நடைபாதையிலும் சுரங்கப்பாதையிலும் மெட்ரோ நிலைய வாசலிலும் இரவைக் கழிப்பது தில்லிவாசிகளுக்குப் பழகிப்போன காட்சி. மும்பை பரேலில் டாட்டா மருத்துவமனையின் வெளியிலும் இதே நிலைதான்.

கீமோதெரபியால் வெள்ளை அணுக்கள் குறைந்த குழந்தைக்கு, தூசியும் கொசுவும் தெருவோர உணவும் வெறும் அசௌகரியங்கள் அல்ல. அவை உயிருக்கே ஆபத்தானவை. சத்துக்குறைவோடு வரும் குழந்தையின் உடல் மருந்தின் நச்சுத்தன்மையையும் தாங்குவதில்லை. அதனால் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ நேர்கிறது. நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்து, கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்த வேண்டும் என்பது விதி. ஊருக்குப் போயிருக்கும்போது அக்காய்ச்சல் வந்தால் அந்த விதி எப்படிப் பொருந்தும்?

ரத்தம் வேறு தேவைப்படுகிறது. தில்லியின் பல மருத்துவமனைகளில், வாங்கும் ரத்தத்துக்கு ஈடாக உறவினர்கள் ரத்தம் தர வேண்டும் என்று கேட்பது வழக்கம். உள்ளூரில் சுற்றமும் நட்பும் உள்ள குடும்பத்துக்கு இது பெரிய சுமையன்று. தலைநகரில் யாரையும் அறியாத குடும்பத்துக்கு அடுத்தடுத்து ஆள் தேடுவது பெரும் துன்பம். தட்டணுக்களை மட்டும் பிரித்தெடுத்துத் தரும் முறைக்குச் செலவும் கூடுதல்.

இத்தனையையும் கடந்து முதல் மாதம் முடியும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. குழந்தை தேறிவிடுகிறது. பசி எடுக்கிறது, விளையாடுகிறது. ரத்தத்தில் நோயின் சுவடு தெரிவதில்லை. 'குணமாகிவிட்டது' என்று கருதி ஊர் திரும்புகிறவர்கள் பலர். மருத்துவர்கள் அப்போது நிறுத்தக்கூடாது என்று சொல்கின்றனர். ஆனால் ஊரில் கடன்காரர் காத்திருக்கிறார், அறுவடை காத்திருக்கிறது. சில மாதங்களில் நோய் திரும்புகிறது. இரண்டாம் முறை அதைக் கட்டுப்படுத்துவது மிகவும் கடினம்.

தொடர்ந்து நான்கு வாரங்களுக்கு மேல் சிகிச்சைக்கு வராமல் போவதை 'சிகிச்சையைக் கைவிடுதல்' என்று சர்வதேசக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வரையறுத்துள்ளது. கைவிட்டவர்களை நோயால் இறந்தவர்களோடு சேர்த்துக் கணக்கிட்டால் பிழைப்பு விகிதம் சட்டெனச் சரிகிறது. பல ஆய்வறிக்கைகள் அவர்களைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு நல்ல முடிவுகளைக் காட்டி வந்தன என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

கைவிடுதல் தவிர்க்க இயலாத விதி அல்ல என்பதை டாட்டா மருத்துவமனை காட்டியுள்ளது. அங்கு குழந்தைகள் பிரிவுக்கென அமைக்கப்பட்ட 'இம்பாக்ட்' அறக்கட்டளை, சிகிச்சைச் செலவோடு தங்குமிடம், உணவு, பயணம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றையும் கவனித்தது. வராத குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்தது. 20 சதவீத அளவிலிருந்த கைவிடுதல் சில ஆண்டுகளில் 5 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இல்லாமலேயே பல உயிர்கள் காக்கப்பட்டன. 2006-ல் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள், குழந்தையும் பெற்றோரும் கட்டணமின்றித் தங்க இடமளிக்கின்றன. தில்லியில் 2004-ல் தொடங்கப்பட்ட 'கேன்கிட்ஸ்' அமைப்பு மருத்துவமனைகளுக்குள்ளேயே சமூகப் பணியாளர்களை அமர்த்தி உதவுகிறது. அரசு செய்திருக்க வேண்டிய வேலையை அறக்கட்டளைகள் செய்கின்றன என்பதே உண்மை.

சென்னையில் தொடங்கிய வழக்கு

பெரியவர்களைத் தாக்கும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் கதை வேறு. இங்கே மருந்தின் விலையே உயிரைத் தீர்மானித்தது.

மேலை நாடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களை இந்நோய் பெரும்பாலும் தாக்குகிறது. இந்தியாவில் இந்நோயுடன் வருவோரில் பாதிப்பேர் நாற்பது வயதை எட்டாதவர்கள். குடும்பத்துக்குச் சோறு போடுகிறவர்கள். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப் மாத்திரை இந்நோயை, ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய ஒன்றாக மாற்றியது. ஆனால் மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் நோவார்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்ற அம்மருந்துக்கு மாதம் ரூ. 1.20 லட்சம் வரை ஆனது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து மாதம் ரூ. 8,000 முதல் 10,000 வரையில் கிடைத்தது.

2003-ல் நோவார்டிஸுக்குத் தனி விற்பனை உரிமை வழங்கப்பட்டபோது இந்த மலிவு மருந்துகளுக்கு ஆபத்து எழுந்தது. நோயாளிகளின் சார்பில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் காப்புரிமையை எதிர்த்தது. சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஏற்கெனவே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், கூடுதல் பயன் தருவதாக நிரூபிக்கப்படாதவரை, அதற்குக் காப்புரிமை இல்லை என்று கூறும் 3(டி) பிரிவே இதற்கு அடிப்படை. அப்பிரிவே செல்லாது என்று நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2007 ஆகஸ்டில் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் அம்மனுவைத் தள்ளுபடி செய்தனர். காப்புரிமை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் அளித்த தீர்ப்போடு முடிந்தது. கிளிவெக்குக்குக் காப்புரிமை இல்லை என்பதே தீர்ப்பு.

ஏழை நோயாளிகளுக்கு அம்மருந்தை இலவசமாகவே வழங்கி வருவதாக நோவார்டிஸ் வாதிட்டது. அது பொய்யல்ல; அந்நிறுவனத்தின் உதவித் திட்டத்தில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் பயன்பெற்றனர். எனினும் இலவசத்தைப் பெறுவதற்கு வருமானச் சான்றுகளுடன் விண்ணப்பித்து, தகுதி உண்டு என்று ஏற்கப்பட வேண்டும். குறைந்த விலையில் கடையில் கிடைக்கும் மருந்துக்கு அந்தத் தேவை இல்லை. ஒருவரின் தயவில் உயிர் வாழ்வதற்கும் உரிமையோடு வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு அது. பின்னர் இமாடினிப்பின் விலை மேலும் சரிந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

விலை குறைந்த பின்னும் ஒரு தடை நீடிக்கிறது. நோய் தெரியாத நிலையில், உடல் நலமாக இருக்கும்போது, நாள்தோறும் மாத்திரை எடுப்பதைப் பலர் தவறவிடுகின்றனர். வேலை தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் தொழிலாளருக்கு மாதந்தோறும் ஒரே மருத்துவமனையில் மருந்து வாங்குவது எளிதன்று. மருந்து எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதை அறியும் மரபணுப் பரிசோதனைக்கு, மாத்திரையைவிட அதிகம் செலவாகும் நிலையும் பல இடங்களில் உள்ளது.

ஐந்து லட்சத்துக்கு அப்பால்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. தில்லி யூனியன் பிரதேசம் இதில் 2025 ஏப்ரலில்தான் சேர்ந்தது. வழக்கமான கீமோதெரபிக்கு இத்தொகை பெரிதும் உதவுகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி, பிரதமரின் தேசிய நிவாரண நிதி ஆகியவற்றிலிருந்தும் உதவி பெறலாம்.

சிக்கல் எழுவது நோய் திரும்பியவர்களுக்கும் எலும்பு மஜ்ஜை மாற்று தேவைப்படுவோருக்கும்தான். நாட்டில் இச்சிகிச்சை 1983-லேயே டாட்டா மருத்துவமனையில் தொடங்கிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் செய்து வருகிறது. ஆனால் ஒருவருடைய மஜ்ஜையை மற்றொருவருக்கு மாற்றும் சிகிச்சையின் செலவு, காப்பீட்டு வரம்பைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. மேலும் உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தாவிட்டால் வெளியே கொடையாளி தேட வேண்டும்; அது மற்றொரு செலவு.

ஏழைகளுக்காகத் தேடப்பட்ட வழி, உலகுக்கே பாடமானதும் உண்டு. தீவிர புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு மருந்தை மட்டுமே தந்து பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும் என்பதை, 1998 முதல் 2004 வரை தம்மிடம் வந்த 72 நோயாளிகளைக் கொண்டு வேலூர் மருத்துவர்கள் காட்டினர். கடுமையான கீமோதெரபிக்கும், அதனால் வரும் தொற்றுகளுக்கும் செலவிட முடியாதவர்களுக்காக எடுக்கப்பட்ட முயற்சி அது. 2006-ல் அதன் முடிவுகள் வெளியாயின. பின்னர் மேலை நாடுகளிலும் கீமோதெரபியைத் தவிர்த்து ஆர்செனிக்கை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சை முறையே இந்நோய்க்கு நிலைபெற்றது.

மும்பை ஐஐடியும் டாட்டா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' என்ற செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதனைத் தொடக்கிவைத்தார். நோயாளியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோய் செல்களைத் தாக்கச் செய்யும் முறை இது. அமெரிக்காவில் இத்தகைய முதல் சிகிச்சை 2017-ல் வந்தபோது அதன் விலை 4.75 லட்சம் டாலர். இந்தியத் தயாரிப்பு ரூ. 40 லட்சத்தை ஒட்டிய விலையில் வந்தது. பத்தில் ஒரு பங்கு என்பது சாதனையே. ஆனால் ஊரில் நிலத்தை விற்றுவிட்டு நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு 40 லட்சமும் 4 கோடியும் ஒன்றுதான்.

தூரத்தைக் குறைக்கும் முயற்சி

அண்மை ஆண்டுகளில் நம்பிக்கை தரும் மாற்றம் மருந்தில் நிகழ்ந்ததைவிட, மருத்துவமனைகள் அமைந்த இடத்தில் நிகழ்ந்தது எனலாம். 2019 பிப்ரவரியில் வாராணசியில் டாட்டா நினைவு மையத்தின் இரு மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. அதே மாதத்தில் ஹரியாணாவின் ஜஜ்ஜரில், எய்ம்ஸின் கீழ் 700 படுக்கைகளுக்கு மேல் கொண்ட தேசியப் புற்றுநோய் நிறுவனம் திறக்கப்பட்டது. பிகாரின் முசாஃபர்பூரில் 2021 முதல் ஹோமி பாபா புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. அசாமில் மாநில அரசும் டாட்டா அறக்கட்டளையும் சேர்ந்து எழுப்பிய ஏழு மையங்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, உறுப்பு மருத்துவமனைகள் ஒரே சிகிச்சை நெறியைப் பின்பற்றவும், மருந்துகளைக் கூட்டாகப் பேரம் பேசி மலிவாக வாங்கவும் வகை செய்துள்ளது.

ரயில்வேயும் உதவுகிறது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசி வகுப்பிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்பவருக்கு 75 சதவீதம். ஆனால் உடன் செல்பவர் ஒருவருக்கு மட்டுமே சலுகை. குழந்தையோடு தாயும் தந்தையும் சேர்ந்து வருவதே வழக்கம் என்பதை விதியை வகுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. முன்பதிவு கிடைக்காத ரயிலில் இச்சலுகையால் என்ன பயன் என்பதும் கேள்வி.

ஊசி மருந்துக் கட்டம் முடிந்து, மாத்திரைக் கட்டம் தொடங்கும் குழந்தைக்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அதற்கேற்ப மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே கிருமிக்கொல்லி தர வேண்டும். இதற்காக ஒரு குடும்பம் ஒவ்வொரு மாதமும் ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனையின் குழந்தை மருத்துவர், பெரிய மையத்தின் மருத்துவரோடு தொலைபேசியில் கலந்து இதனைச் செய்ய முடியும். சில மாநிலங்களில் இந்த ஏற்பாடு தொடங்கியுள்ளது. குழந்தைகளின் புற்றுநோயில் 2030-க்குள் குறைந்தது 60 சதவீதம் பேரையாவது காப்பாற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்துள்ளது. இந்தியாவின் பெரிய மருத்துவமனைகள் சில அந்த இலக்கை ஏற்கெனவே எட்டிவிட்டன. மாவட்ட மருத்துவமனையில் ரத்தத் தகட்டைப் பார்க்க ஒருவரும், காய்ச்சலுக்கு இரவில் ஊசி போட ஒருவரும் கிடைக்கும் நாளில்தான் மற்றவர்கள் அதை நெருங்குவர்.